கீச்சிடும் புஷ்கள்

என் ஜீப்பின் முன்பக்கப் புஷ்கள் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) கிழிந்தபோது, எல்லா இடத்திலும் ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் (பாலி) புஷ் போட்டேன். இரண்டு பாதியாக வரும், பிரஸ் என்னும் அழுத்தும் கருவி இல்லாமல் கையாலேயே தள்ளிவிடலாம். சோம்பேறித்தனம்தான், வேறென்ன!

தார்ச்சாலையில் ஸ்டியரிங் கச்சிதமாக இருந்தது. அப்புறம் பாறைமேட்டில் ஏறினேன். முன்பெல்லாம் தரையைத் தொட்ட முன்சக்கரம், அதே இடத்தில் அந்தரத்தில் தொங்கியது. என் வண்டியில் ரேடியஸ் ஆர்ம், அதாவது முன் அச்சை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் நீளக் கம்பி, பக்கத்துக்கு ஒன்று. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது இரண்டு ஆர்ம்களும் அச்சை வெவ்வேறு பக்கம் முறுக்கப் பார்க்கும். அங்கே விட்டுக்கொடுக்க புஷ்ஷைத் தவிர ஆளில்லை. கெட்டியான பாலி விட்டுக்கொடுக்காது.

மூன்றாவது மாதம் கீச்சுச் சத்தமும் சேர்ந்தது. ரப்பர் புஷ்ஷில் உள்குழாய் ரப்பரோடு ஒட்டியிருக்கும். ரப்பரே முறுகிக்கொள்ளும், கிரீஸ் வேண்டாம். பாலியில் குழாய் உள்ளே உரசித் திரும்பும். சேற்றுநீரில் இறங்கினால் மணல் புகும்; கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும்.

இப்போது ரேடியஸ் ஆர்மில் ரப்பர்தான். குறுக்குக் கம்பியான பேனார்ட் ராடில் பாலியை விட்டுவைத்தேன். அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்க பாலியின் கெட்டித்தன்மை நல்லது.

ரப்பர் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே புஷ்ஷின் போல்ட்டை முழுசாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். என் பழைய புஷ்கள் கிழிந்ததும் அப்படித்தான், இறுக்கியது நானேதான்.