டவர் வந்து போகும் இடத்தில் போனை அடக்குவது

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் டவர் சரியாக எடுக்காது, அதனால் போன் தொல்லையும் குறைவாகத்தான் இருக்கும் என்று கொழும்பிலிருந்து வருபவர்கள் நினைப்பதுண்டு. நடப்பது நேர்மாறு. லயத்துக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள்) கவரேஜ் இருக்காது. இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) ஒரு மூலையிலோ கோயிலடி மேட்டிலோ சிக்னல் இரண்டு கோடு விழும். காலையில் இருந்து வந்த செய்திகள் எல்லாம் அங்கே போனதும் இருபது முப்பதாகச் சேர்ந்து கொட்டும். எப்போது வரும் என்று தெரியாததால்தான் கை சும்மா இருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளிலும் இதுதான் தெரிந்தது: எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது.

பேட்டரி மத்தியானத்துக்குள் இறங்குவதும் டவர் சரியாக எடுக்காததால்தான். சிக்னல் மெலிந்தால் போன் கூடுதல் சக்தி போட்டு டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். (பனிமூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் மறைப்பது குறுக்கே நிற்கும் மலை.)

போனை மொத்தமாக அணைத்து வையுங்கள் என்ற அறிவுரை இங்கே செல்லாது. மகன் கொழும்பில் கடையில், மகள் குவைத்தில். ஓர் அவசரம் என்றால் வீட்டில் இருக்கும் அந்த ஒரு போன்தான் வழி. ஆகவே எது சத்தம் போடலாம், எது போடக்கூடாது என்று பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் வேலைக்கு ஆகாது.

முதலில் வட்ஸ்அப் குழுக்கள். 2020இல் பாடசாலைகள் மூடியபோது தொடங்கிய வகுப்புக் குழுக்கள் இன்னும் பலர் போனில் உயிரோடு கிடக்கின்றன. மரண உதவிச் சங்கம், திருவிழா, டியூஷன் என்று மேலும் சில. குழுவின் பெயரைத் தட்டி மியூட்டில் 'எப்போதும்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 8 மணித்தியாலம் என்று போட்டால் நாளைக்கு மறுபடி இதே வேலை. மியூட் மட்டும் போட்டு விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. சத்தம் நின்றாலும் புதுச் செய்தியின் எண்ணோடு குழு மேலே ஏறி வந்து கண்ணை இழுக்கும். கூடவே ஆர்கைவும் செய்தால் புதுச் செய்தி வந்தாலும் குழு பட்டியலில் ஏறாமல் ஆர்கைவுக்குள்ளேயே கிடக்கும். ஸ்டோரேஜ் அன்ட் டேட்டாவில் படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். டேட்டா கார்டும் மிஞ்சும்.

அடுத்தது டூ நாட் டிஸ்டர்ப், அதாவது நாம் அனுமதித்தவை தவிர மற்றதெல்லாம் சத்தம் போடாமல் தடுக்கும் வசதி. அண்ட்ரொய்ட் போனில் வீட்டாரின் எண்களுக்கு நட்சத்திரம் போட்டு, அவர்களின் அழைப்புக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். 'ரிபீட் காலர்ஸ்' என்பதையும் போட்டு வையுங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும். சிக்கல் வட்ஸ்அப் அழைப்பில். சில போன்களில் நட்சத்திரம் இருந்தும் அது மணியடிக்காது. குவைத்திலிருந்து எடுப்பவர் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் எடுப்பார். அப்படியானால் அனுமதித்த ஆப்களில் வட்ஸ்அப்பையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் செய்திகளும் சத்தம் போடும். குழுக்களை முதலில் அடக்கச் சொன்னது அதனால்தான். எல்லாம் முடிந்ததும் அவரை ஒருமுறை எடுக்கச் சொல்லிச் சோதியுங்கள்.

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சைக்கு) படிக்கும் பிள்ளை இருந்தால் மாலை 6 முதல் 8 வரை போன் அந்தக் காம்பராவில் இருக்க வேண்டாம். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனையில், சத்தமில்லாத போனை மேசையில் வைத்திருந்தவர்களை விட வேறு அறையில் வைத்தவர்களே முழுக் கவனம் தேவைப்படும் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் எழுந்து போய் எடுக்க வேண்டிய தூரம் என்றால், பாதி தடவை பிள்ளை எழும்பாது. டியூஷன் குறிப்பு போனில் வந்திருந்தால் 6 மணிக்கு முன்பே கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். குறிப்பைப் பார்க்க எடுத்த போன் யூடியூப்பில்தான் போய் நிற்கும்.

இரவில் போன் இஸ்தோப்புப் பக்கத்து ஜன்னலில், கோடு விழும் இடத்தில் இருக்கட்டும். அழைப்பும் வரும், பேட்டரியும் நிற்கும். பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போவதற்கு) எழும்ப அலாரம் வேண்டுமே என்று தலைமாட்டில் வைப்பவர்கள்தான் அதிகம். பேட்டரி போடுகிற சின்ன அலாரம் மணிக்கூடு ஒன்று போதும்.