சைலென்சர் தொங்க வேண்டும்

மே 31 அன்று விடியற்காலை நான்கு மணி இருக்கும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் என் டாடா 407 வண்டிக்கு அடியில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். டயர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அடுத்த நொடியிலிருந்து இன்ஜினின் முழுச் சத்தமும் நேராகக் காலடியில் கேட்கத் தொடங்கியது. பின்னால் குளச்சலில் ஏற்றிய கணவாயும் நவரையும், ஐஸ் போட்டு முப்பது பெட்டி. மறுநாள் முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தப் பருவத்தின் கடைசி லோடு அது.

பாலத்தின் மேல் நிறுத்த இடமில்லை. இறங்கி, குழித்துறைப் பக்கம் ஒரு கடையின் முன்னால் ஓரம் கட்டினேன். கிளீனர் தம்பி கதவைத் திறந்ததும் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். தக்கலை தாண்டியதிலிருந்தே தலை வலிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தூக்கக் கலக்கம் என்று நினைத்து நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வண்டிப் புகை கேபினுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசல் இன்ஜினில் அது பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவு என்றாலும், மூடிய கேபினில் மணிக்கணக்கில் உட்கார்ந்து சுவாசிக்கிற பொருள் அல்ல. அவனுக்கு வயது இருபதுதான். அவனுடைய அம்மா என்னை நம்பித்தான் இரவு ஒரு மணிக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். அப்போது கண்டதைத்தான் எழுத வேண்டும்.

சைலென்சரைச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், தொங்கவிட வேண்டிய ரப்பர் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, வீடு கட்டக் கான்கிரீட்டில் போடுவார்களே, அந்த முறுக்குக் கம்பியை இரண்டு துண்டாக வெட்டி வளைத்து, ஒரு முனையைச் சைலென்சரிலும் மறு முனையைப் பிராக்கெட்டிலும் வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். புற்றுமண்ணை அப்பியது போல மேடும் பள்ளமுமான வெல்டிங். அதன் ஓரத்தில் ஊசித் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் சீறிக் கிளம்பிய கரியின் தடம். கம்பி ஒட்டிய இடத்தில் தொடங்கிய விரிசல் குழாயைப் பாதிச் சுற்றுக்கு மேல் அறுத்துவிட்டிருந்தது. இன்ஜினிலிருந்து வரும் முன்குழாயை இணைக்கும் வட்டான பிளாஞ்சில் மூன்று போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. நடுவில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் இல்லை. சிவப்புப் பேஸ்ட்டைத் தடவி இறுக்கியிருந்தார்கள். அது கருகிப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. தம்பியின் தலைவலி வந்த வழி அதுதான். போதாததற்கு, குழாய் பழைய இடத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே ஏறியிருந்ததால் பின்விளக்குக்குப் போகும் வயரின் உறை உருகி, செம்பு தெரிந்தது.

இந்த வேலை முடிந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பழைய சைலென்சர் மே மாதத் தொடக்கத்தில் ஓட்டையானது. அதில் யார் மீதும் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியே போகிறது. நெடுந்தூரம் ஓடும் லாரிகளில் சைலென்சர் நன்றாகச் சூடேறி உள்ளே ஈரம் தங்காது. என்னுடையது குளச்சல், திங்கள்நகர், தக்கலை என்று நின்று நின்று போகும் வண்டி. அந்த ஈரம் அடியில் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து அரிப்பது மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர்; உப்பும் மீன் நீரும் கலந்த தண்ணீர், பலகை இடுக்கு வழியாக நேராகச் சைலென்சரின் தலையில் விழும். போதாக்குறைக்குக் கடற்காற்று. ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கிடைக்கிற மாவட்டம் வேறு. திருப்புளியால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் தகடு மெலிந்திருந்தது. பழைய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும், ஓட்டைச் சைலென்சரோடு போக முடியாது.

அதனால் புதிய சைலென்சரை 4,200 ரூபாய் கொடுத்து வாங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய போர்டு வைத்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். கூலி 1,500. மாலையில் போனபோது வண்டி தயாராக இருந்தது. ஸ்டார்ட் செய்தேன், சத்தமில்லை, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் முதல் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வு. கியர் லிவரில் கை வைத்தால் தேனீக்கூட்டில் கை வைத்தது போல இருக்கும். இன்ஜின் மவுண்டிங் தேய்ந்திருக்கும், தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அதிர்வு கம்பி வழியாகச் சேஸிஸுக்கு ஏறியது என்று அப்போது தெரியவில்லை.

ஜூன் 2 அன்று அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சத்தம் போடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். உரிமையாளர் கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரப்பர் அன்றைக்குக் கிடைக்கவில்லை அண்ணாச்சி. கம்பி ரப்பரைவிட உறுதிதானே? விட்ட இடத்தில் இன்னொரு வெல்டிங் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.”

“கிடைக்கவில்லை என்றால் ஒரு போன் செய்திருக்கலாமே. நான் வாங்கி வந்திருப்பேன். கேஸ்கட்டும் கிடைக்கவில்லையா?”

அதற்குப் பதில் இல்லை. பழைய கிளாம்பையும் ரப்பரையும் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டது என்றார். வேலை செய்த பையனைக் கூப்பிட்டார். அவன் பயந்துபோய் நின்றான். “இந்த வெல்டிங் அடிப்பதற்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றினாயா தம்பி?” என்று கேட்டேன். கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. வெல்டிங் கரண்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் பாய்ந்தால் அதன் டயோடுகள் போய்விடலாம். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் பையன் மேல் இல்லை. கிரைண்டரையும் ஹோல்டரையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறைகூடக் கீழே குனிந்து பார்க்காமல் 1,500 ரூபாய்க்குப் பில் போட்ட மனிதர் மேல்தான். 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இலவச வெல்டிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அழகியமண்டபம் பக்கம் ஓர் ஆசாரி இருக்கிறார். என் அப்பா லாரி ஓட்டிய காலத்திலிருந்து தெரிந்தவர். போர்டு இல்லை, ஓலைக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தகரக்கூரை, அவ்வளவுதான் மாற்றம். அவர் வெல்டிங் செட்டைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கேபினில் ஏறச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். நிறுத்தும்போது டீசல் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கும் அல்லவா, அப்போது குழாயின் முனையைக் கவனிக்கச் சொல்லித் தம்பியைக் கீழே உட்கார வைத்தார். விரிசலால் விடுபட்டிருந்த முன்குழாய் ஒரு விரல் அகலம் ஆடியது.

“பார்த்தாயா மக்களே, இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது ஆடும். அதோடு சேர்ந்து குழாய் ஆடும், குழாயோடு சேர்ந்து சைலென்சர் ஆட வேண்டும். அதனால்தான் அதைத் தொங்கவிடுகிறோம். ஆடுகிறதைக் கட்டிப்போட்டால் எங்காவது பிய்த்துக்கொண்டு போகும்.”

சூடேறினால் இரும்பு நீளும் என்பதையும் சொன்னார். குழாய் நீள்வதற்கும் ரப்பர்தான் இடம் கொடுக்கிறது.

அவர் வேலை செய்வதை முழுநாளும் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். முறுக்குக் கம்பி இரண்டையும் அறுத்து எறிந்தார். விரிசல் விட்ட துண்டை நேராக வெட்டி எடுத்து, புதுக் குழாய்த் துண்டு வைத்து, இரண்டு விளிம்பையும் பளபளவென்று சுரண்டிய பிறகே வெல்டிங் வைத்தார். பூத்தையல் போட்டது போல ஒரே சீராக இருந்தது. பிளாஞ்சில் ஒடிந்து உள்ளே நின்ற ஸ்டட்டை, அதாவது அந்த மூன்றாவது போல்ட்டை, எடுக்க மட்டும் ஒன்றரை மணி நேரம். சூடு காட்டுவார், எண்ணெய் விடுவார், கால் சுற்றுத் திருப்புவார், மறுபடி சூடு காட்டுவார். அவசரப்படுத்தினால் பிளாஞ்சே போய்விடும் என்றார். புதிய ஸ்டட்டுக்கு கிராபைட் கிரீஸ் தடவினார், அடுத்த முறை கழற்றுகிறவன் திட்டக் கூடாது என்பதற்காக. அடுத்த முறை கழற்றப்போகிறவனை நினைத்து வேலை செய்கிற மனிதரை நான் அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

புதிய கேஸ்கட், புதிய ரப்பர், யூ கிளாம்ப் எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, சைலென்சர் எங்கும் இடிக்காமல் தன் இயல்பில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கினார். ஈரச் சாக்கைக் குழாயின் வாயில் சற்று நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் விட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. உருகிய வயரை மாற்றித் தள்ளிக் கட்டினார். கடைசியாக, நான் கேட்காமலே, பலகைக்குக் கீழே ஒரு தகட்டைச் சரிவாக வைத்து, ஐஸ் தண்ணீர் அதில் விழுந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குப் பின்னால் போகும்படி செய்தார். கூலியும் சாமானும் சேர்த்து 2,600 ரூபாய்.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். வேலைக்கு விடும் முன் வண்டிக்கு அடியில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய சாமானை உங்களிடம் தரச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் படுத்துப் பாருங்கள். சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். சூடு ஆறிய பிறகு சைலென்சரைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசைய வேண்டும், ஆனால் எதிலும் இடிக்கக் கூடாது. கல் போல நின்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் குளச்சலில் மறுபடி லோடு கிடைத்தது. தம்பி தக்கலையிலேயே தூங்கிவிட்டான். கை வைத்த கியர் லிவரில் அந்தத் தேனீ அதிர்வு இல்லை. களியக்காவிளையில் பெட்டிகளை இறக்கியதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் தார்ச்சாலையில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சைலென்சரின் மேல் ஒரு துளி ஈரம் இல்லை.