ராத்திரி ஷிஃப்ட் முடித்த காது

செவித்திறன் ஆய்வுக் குழுவில் வேலை என்றதும் ஏதோ ஏசி அறையில் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்போம் என்று நினைக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகக் குழு பாதி நாள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில்தான் கிடக்கிறது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரும், காயவைக்கும் டிரையரும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேச அவர் காதருகே போய்க் கத்தணும். அதற்குள்ளேயே வருடக்கணக்கில் நிற்பவர்களின் காது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

காதைச் சோதிக்கும் ஆடியோமீட்டரை ஓட்டுவது பெரிய வித்தையில்லை. பட்டனை அழுத்தி ஹெட்ஃபோனில் ஒலி விடுவோம், கேட்டால் கையைத் தூக்கணும். கேட்டால் 10 டெசிபல் இறக்கு, கேட்காவிட்டால் 5 ஏற்று, அவ்வளவுதான். ஓய்வெடுத்த காது கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சத்தத்திலிருந்து வந்தவுடன் சோதித்தால் காது தற்காலிகமாக மந்தமாயிருக்கும், நிரந்தரச் சேதம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. குறைந்தது 14 மணி நேரமாவது சத்தம் படாமல் இருந்திருக்கணும். ஆனால் சீசனில் பகலில் பறித்த இலையை வாட்டி, விடிய விடிய அரைப்பார்கள். காலையில் "இப்பவே பாத்துடுங்க சார், போய்த் தூங்கணும்" என்று வந்து நிற்பவர்களை, வார லீவு அன்றைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புகிறோம். லீவு அன்றைக்கு யார் வருவார்கள்?

அப்படியும் வந்தார் ஒரு அக்கா, தூள் சலிக்கும் இடத்தில் வேலை. நான் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனாலே, கேட்டதோ இல்லையோ, மரியாதைக்குக் கையைத் தூக்கிவிடுவார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்ட பிறகுதான் உண்மை வந்தது. ஹெர்ட்ஸ் எண் கூடக் கூட ஒலி கீச்சென்று ஆகும். 1000, 2000 ஹெர்ட்ஸில் பழுதில்லை, 4000-இல் வரைபடத்தில் கோடு குழிக்குள் இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறியது. இரைச்சலில் கெட்ட காது பெரும்பாலும் இப்படித்தான் வரையும். "காது நல்லாத்தான் கேக்குது கண்ணு, பேத்தி பேசுறதுதான் வெளங்கல" என்றார். சரிதான், ச, ஸ மாதிரி உரசல் ஒலிகள் அந்த உச்சத்தில்தான் இருக்கின்றன. உயிரெழுத்துகளின் பலம் கீழே இருப்பதால் பேச்சு கேட்கும், புரியாது.

நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்வது 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்கிறது. அந்தக் கணக்கில் 90-இல் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. நம் விதியை மாற்றணும் என்பதுதான் என் கட்சி. காதடைப்பான் கொடுத்தாலும் ரோலர்காரர்கள் போடுவதில்லை, மெஷின் சத்தம் மாறினால் தெரியணுமாம். அதில் நியாயம் இருக்கிறது. பஞ்சு வைத்துக்கொள்பவர்கள்தான் பாவம், அது அநேகமாக ஒன்றையும் தடுக்காது.

தினமும் காலையில் கருவி சரியா என்று பார்க்க, எங்களில் நல்ல காது உள்ள ஒருவர் முதலில் கேட்டுப் பார்க்கணும். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தால் அந்த நல்ல காதே அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த ஆள் மட்டும் முதல் நாளே மலையேறிவிடுவார், சளி பிடித்தால் வேறு ஆள்.

அப்புறம் மழை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தகர ஷீட் போட்ட அறை, வெளிச்சத்தம் முதலில் கெடுப்பது தாழ்ந்த ஒலிகளை. எங்கள் அட்டவணையில் 500 ஹெர்ட்ஸ் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பவர்களை ஐப்பசியில் ஒரு நாள் இங்கே அனுப்பி வைங்க, ஹெட்ஃபோனை நானே மாட்டிவிடுகிறேன்.