குயின் லத்தீஃபாவோடு ஒரு மே மாதம்

மே 5, 2025, திங்கள்

'தி ஈக்வலைசர்' தொடர் நேற்று முடிந்துவிட்டது. ஐந்து சீசன் ஓடியது. அடுத்த சீசன் கிடையாது என்று சிபிஎஸ் சானல் சொன்னதே போன வாரக் கடைசியில்தான். 1980களில் எட்வர்ட் வுட்வர்ட் செய்த பாத்திரம், பிறகு சினிமாவில் டென்சல் வாஷிங்டன் செய்தது. 2021இல் அதே வேலை குயின் லத்தீஃபாவுக்கு வந்தது: போலீசால் முடியாததை ஆள் தெரியாமல் முடித்துக்கொடுக்கும் பெண்.

செய்தியைப் படித்த இடத்தில் எல்லாம் 'நடிகை' என்றுதான் போட்டிருந்தார்கள். தப்பில்லை. ஆனால் இவர் ராப் பாடியவர் என்பதை ஓரிடத்தில்கூட ஒரு வரி சொல்லவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. சரி, நாமே முதலிலிருந்து போகலாம். பாட்டையும் படத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல், வருஷ வரிசையில்.

மே 7, புதன்

1989. முதல் ஆல்பம் 'ஆல் ஹெய்ல் த குயின்'. டாமி பாய் கம்பெனி வெளியீடு. அப்போது இவருக்கு வயது 19. இயற்பெயர் டேனா ஓவன்ஸ், ஊர் நியூ ஜெர்சியின் நியூவார்க். அம்மா பள்ளி ஆசிரியை, அப்பா போலீஸ்காரர். பள்ளியில் தோழிகளோடு சேர்ந்த குழுவில் இவர் வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸ் ஆள். அப்புறம் 45 கிங் என்ற டிஜேயின் பழக்கம், ஒரு டெமோ, அது எம்டிவியில் ராப் நிகழ்ச்சி நடத்திய ஃபேப் ஃபைவ் ஃபிரெடி கைக்குப் போனது, அங்கிருந்து ஒப்பந்தம்.

முதலில் காதில் விழுவது அவசரமில்லாமை. அந்தக் காலத்து ராப்பர்கள் பலர் மைக்கைப் பிடித்ததுமே தங்களை நிரூபித்தாக வேண்டும் என்பதுபோல் கத்துவார்கள். இவர் குரல் கீழேயே இருக்கிறது. கேட்கிறவன்தான் கிட்டே வரவேண்டும். நடுவில் பாடவும் செய்கிறார், அதை யாரும் கேட்காமலேயே. 'கம் இன்டு மை ஹவுஸ்' கிட்டத்தட்ட நடன மேடைப் பாட்டு.

'லேடீஸ் ஃபர்ஸ்ட்' வீடியோவை இரவில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த மோனி லவ்வோடு பாடியது. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் தெருக் காட்சிகள் நடுநடுவே வருகின்றன. லத்தீஃபா ராணுவ உடுப்புப் பாணியில், ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரைபடத்தின் மேல் நின்று காய்களை அகற்றுகிறார், படைத்தளபதி மாதிரி. இவருடைய முதல் நடிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சினிமாக்காரர்கள் பிறகு வாடகைக்கு எடுத்தது இந்த நிற்கும் விதத்தைத்தான்.

மே 8, வியாழன்

1991, ஸ்பைக் லீயின் 'ஜங்கிள் ஃபீவர்'. ஹார்லெம் உணவகத்தில் பரிமாறும் பெண். சில நிமிடம்தான். வெஸ்லி ஸ்னைப்ஸ் வெள்ளைக்காரப் பெண்ணோடு வந்து உட்கார்ந்திருப்பதைப் பிடிக்காமல் முகத்துக்கு நேராகக் காட்டிவிடுகிறார். ஆர்டர் எடுக்க வந்தவர்தான், ஆனால் மேசையே அவருக்குப் பயப்படுகிறது. படம் முடிந்து யோசித்தால் அந்தக் காட்சி முதலில் நினைவுக்கு வருகிறது.

மே 11, ஞாயிறு

இன்று முழுக்க 1993 மட்டும்.

அதற்கு முந்தைய வருஷம் இவருடைய அண்ணன் லான்ஸ்லாட் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவரும் போலீஸ்காரர். அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தது தங்கைதான். அதன் சாவியைப் பல வருஷம் கழுத்தில் மாட்டியிருந்தார். அந்தத் துக்கத்திலிருந்துதான் 'பிளாக் ரெய்ன்' ஆல்பம் வந்தது, இந்த முறை மோட்டவுன் கம்பெனி வழியாக. அண்ணனுக்காகவே ஒரு பாட்டு அதில் இருக்கிறது. இசைத்தட்டு கோல்டு சான்றிதழ் பெற்றது, அதாவது அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகள்.

எல்லோருக்கும் தெரிந்தது 'யு.என்.ஐ.டி.ஒய்.' பாட்டு, ஒற்றுமை என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வது. 1995இல் கிராமி வாங்கியது. பெண்களை இழிவாகக் கூப்பிடுவதற்கு எதிரான பாட்டு என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் அது மூன்று தனிக் காட்சிகள். முதலில், வெயில் நாளில் தெருவில் நடக்கும் ஒருத்தியை ஒருவன் தொட்டுவிடுகிறான், அவள் திரும்பி அடிக்கிறாள். இரண்டாவதில், வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டே அவனை விட முடியாமல் இருந்து கடைசியில் விடுகிறவள். மூன்றாவதில், ரவுடி வேஷம் போட்டுக்கொண்டு திரியும் சின்னப் பெண். அவளைக் கண்டிக்கிறார், ஆனால் தள்ளி நின்று அல்ல. மூன்று பெண்கள், மூன்று வயது, ஒரே குரல். இதற்கு வசனம் எழுதி இயக்குநர் விளக்கி நடிக்கச் சொன்னால் பாதிப் பேர் திணறுவார்கள். அடியில் க்ரூசேடர்ஸ் என்ற ஜாஸ் குழுவிடமிருந்து எடுத்த சாக்ஸபோன் துண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, கோபத்தைக் கொஞ்சமும் ஏற்றிவிடாமல்.

அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பாட்டு பாதியில் நிமிர்ந்து, "சித்தி, இது எல்லி குரல்!" என்றாள். எல்லி என்பது 'ஐஸ் ஏஜ்' இரண்டாம் பாகத்திலிருந்து வரும் மாமத் யானை, தன்னைப் போஸம் என்ற சின்ன மரவிலங்கு என்று நம்பிக்கொண்டிருப்பது. அந்தக் குரல் லத்தீஃபாதான் என்பது எனக்கு நினைவே இல்லை. பாட்டு வரிகளைப் பற்றி அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மே 14, புதன்

அதே 1993இல்தான் 'லிவிங் சிங்கிள்' தொடங்கியது, ஃபாக்ஸ் சானலில். புரூக்ளினில் ஆறு இளைஞர்கள், வேலை, காதல், கிண்டல். கேட்டதும் இன்னொரு தொடர் ஞாபகம் வரும். 'ஃபிரெண்ட்ஸ்' வந்தது அடுத்த வருஷம், தயாரித்ததும் அதே வார்னர் பிரதர்ஸ். இரண்டில் எதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள் என்பது தெரிந்ததுதான். 'லிவிங் சிங்கிள்' 1998 வரை ஓடியது. உருவாக்கியவர் இவெட் லீ பௌசர்.

லத்தீஃபா செய்வது கடீஜா ஜேம்ஸ், 'ஃபிளேவர்' என்ற பத்திரிகையை நடத்துகிறவர். நிஜத்தில் இவரும் கூட்டாளி ஷாகிம் கம்பேரும் நடத்தியது ஃபிளேவர் யூனிட். நாட்டி பை நேச்சர் என்ற ராப் குழுவை வளர்த்துவிட்ட கம்பெனி அது. தொடரின் தொடக்கப் பாட்டும் இவர் குரல்தான்.

நகைச்சுவையில் பெரிய வெடிகளெல்லாம் மற்றவர்களுக்குப் போகின்றன, குறிப்பாக மேக்ஸாக வரும் எரிகா அலெக்ஸாண்டருக்கு. கடீஜா பெரும்பாலும் ஒரு பார்வையோடு நிறுத்திக்கொள்கிறார். எங்கே பேசாமல் இருப்பது என்று தெரிந்த ஆள். ராப்பில் ஒரு பீட்டை வேண்டுமென்றே காலியாக விட்டுவிட்டு அடுத்ததில் வந்து இறங்குவார்களே, அந்தக் கணக்குதான் இங்கேயும் என்று எனக்குப் படுகிறது.

மே 17, சனி

'செட் இட் ஆஃப்', 1996. படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடவும்.

லாஸ் ஏஞ்சலஸில் நான்கு பெண்கள் வங்கிக் கொள்ளையில் இறங்குகிறார்கள். இயக்கம் எஃப். கேரி கிரே, இவரும் ராப் வீடியோக்கள் எடுத்துப் பழகி வந்தவர். லத்தீஃபாவின் கிளியோ பெண்ணைக் காதலிக்கும் பெண், முரட்டு ஆள், பணம் வந்ததும் காரை அலங்கரிக்கிறவள். கடைசியில் போலீஸ் சுற்றிவளைக்கும்போது தோழிகள் தப்பிப்பதற்காகத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு துப்பாக்கிகளுக்கு நேராகப் போகிறாள். அப்பாவும் அண்ணனும் போலீசாக இருந்த வீட்டுப் பெண் இதை நடிக்கிறார் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காட்சியில் பேசுவது முகம்தான்.

தொலைக்காட்சியில் எல்லோருக்கும் பிடித்த கடீஜாவாக இருந்துகொண்டே, நடுவில் இந்தப் பாத்திரத்தை ஒப்புக்கொண்டது துணிச்சல். 1996இல் அமெரிக்காவில் இப்படி ஒரு வேடம் ஒரு நட்சத்திரத்துக்கு லாபக் கணக்கில் வராது.

மே 18, ஞாயிறு

நண்பர் ஒருவர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "ராப் ஓடவில்லை, அதனால் நடிக்கப் போனார், இதுதானே கதை?" என்று எழுதியிருந்தார். ஐயா, தேதிகளைப் பாருங்கள். மிகப் பெரிய பாட்டும் முதல் தொடரும் ஒரே வருஷம். 1998இல் 'ஆர்டர் இன் த கோர்ட்' வந்ததற்குப் பிறகு ராப் ஆல்பம் நின்றது உண்மை. அடுத்தது 2009இல்தான். நடுவில் வந்தவை பாடிய ஆல்பங்கள். அதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் அவற்றைக் கேட்டுவிட்டு வரட்டும்.

மே 21, புதன்

'சிகாகோ', 2002. பெண்கள் சிறையின் காவலர் மாமா மோர்ட்டன் (இந்த 'மாமா' ஆங்கிலத்தில் அம்மா). காசு கொடுத்தால் எதுவும் நடக்கும் என்பதை ஒரே பாட்டில் சொல்லிவிட்டுப் போகிறார். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஹிப்ஹாப் உலகத்திலிருந்து நடிப்புக்குப் பரிந்துரை பெற்ற முதல் பெண். பரிசு அதே படத்தின் கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸுக்குப் போனது. 2003 மார்ச்சில் நடந்த அந்த விழாவில் இருவரும் சேர்ந்து மேடையில் பாடினார்கள், ஜீட்டா ஜோன்ஸ் நிறைமாதக் கர்ப்பிணி. அதே இரவில்தான் எமினெம் பாட்டுக்கான ஆஸ்கரை வென்றார், ராப் பாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். அவர் வரக்கூட இல்லை. ராப்பர் ஒருவர் நாடகமேடைப் பாட்டோடு உள்ளே இருக்கிறார், இன்னொருவர் ராப்போடு வெளியே இருந்து ஜெயிக்கிறார். வேடிக்கையான இரவு.

படத்தைப் பற்றி ஒரு குறை: மாமா மோர்ட்டனுக்கு அந்தப் பாட்டுக்குப் பிறகு பெரிய வேலை இல்லை.

அடுத்து வந்த ஜாஸ் ஆல்பத்துக்கு 'டேனா ஓவன்ஸ்' என்ற சொந்தப் பெயரையே வைத்தார். ராணிப் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாடியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சில இடத்தில் மரியாதை கொஞ்சம் அதிகம்.

மே 25, ஞாயிறு

இதுவரை பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. பரிமாறுகிறவர், பத்திரிகை ஆசிரியர், சிறைக் காவலர் என எந்த வேடமாக இருந்தாலும் இவர் அறைக்குள் வந்ததும் மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். 1989இல் மைக்கில் சம்பாதித்த அதிகாரம் அது. இயக்குநர்களுக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டால் இவரிடம் என்ன மிஞ்சும்?

'லைஃப் சப்போர்ட்', 2007, எச்பிஓவுக்காக எடுத்த படம். இயக்கியவர் நெல்சன் ஜார்ஜ். ஹிப்ஹாப்பைப் பற்றி ஆரம்ப காலத்திலிருந்தே எழுதிவந்த விமர்சகர், தன் குடும்பத்துக் கதையிலிருந்து எடுத்தது. புரூக்ளினில் அனா என்ற பெண். எச்ஐவி தொற்று உள்ளவர், முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவர், இப்போது தன்னைப் போன்ற பெண்களோடு கூடி வேலை செய்கிறார். மூத்த மகள் பாட்டி வீட்டில் வளர்கிறாள், அம்மாவை நம்பத் தயாராக இல்லை.

அனா ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறார். மகளிடம் அது செல்லுபடியாகவில்லை. மகளைக் கட்டாயப்படுத்தும் உரிமை தனக்கு இல்லை என்று அனாவுக்கே தெரியும், இருந்தும் குரலை உயர்த்தி, உடனே இறக்கிக்கொள்கிறார். அந்த இறக்கத்தைப் பார்க்கத்தான் இந்தப் படம். ஒப்பனையும் மினுக்கும் இல்லை. கோல்டன் குளோப் கிடைத்தது, நடிகர் சங்கம் தரும் எஸ்ஏஜி விருதும் கிடைத்தது. இரண்டையும் கொடுத்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இவர் பெயரைச் சொன்னால் இந்தப் படத்தை யாரும் சொல்வதில்லை.

மே 29, வியாழன்

'பெஸ்ஸி', 2015. 1920களின் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் கதை, இயக்கம் டீ ரீஸ். இந்த வேடம் பற்றி லத்தீஃபாவிடம் முதலில் பேச்சு வந்தது 1990களில். எடுத்து முடிக்கும்போது இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார், சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான எம்மி அந்த வகையில் வந்தது.

தாமதம் படத்துக்கு நல்லதாகவே முடிந்தது என்று நினைக்கிறேன். இருபது வயதில் செய்திருந்தால் பாட்டுக் காட்சிகள் பிரமாதமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் ஆடையில்லாமல், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி அப்போது வந்திருக்காது. பெஸ்ஸிக்கு மூத்த ப்ளூஸ் பாடகி மா ரெய்னியாக வரும் மோனீக்கோடு சேர்ந்த காட்சிகளில் இவர் மாணவியாக நிற்கிறார். வாடகை அதிகாரம் எதுவும் இல்லை, கற்றுக்கொள்ள வந்தவளின் பொறாமையும் ஆசையும்தான். அப்புறம் கூட்டத்தின் முன்னால் தனியாகப் பாட நிற்கும்போது, அந்தப் பழைய வரைபடத்தின் மேல் நின்ற கால்கள் இவை என்று தெரிகிறது.

பெஸ்ஸியின் நிஜக் குரலை நான் சரியாகக் கேட்டதில்லை. 1923இல் கொலம்பியாவுக்காகப் பாடிய 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' பதிவிலிருந்து நாளை தொடங்குகிறேன்.