சட்டத்தின் வழியே வந்த சர்வாதிகாரம்

திருமணமாகிப் பேர்லினுக்கு வந்த நான், மொழி வகுப்பு முடிந்ததும் இந்நாட்டின் அரசியலையும் வரலாற்றையும் கற்பிக்கும் வகுப்புக்கு அனுப்பப்பட்டேன். குடியுரிமைப் பரீட்சையின் 33 கேள்விகளில் 17-க்குச் சரியாக விடையளித்தாலே சித்தியடையலாம் என்பதால், நாசிகளின் ஆட்சி 1933 முதல் 1945 வரை என்று மனனம் செய்தால் போதும் என்றே பலரும் இருந்தார்கள். எங்கள் ஆசிரியையோ 1933-இன் முதல் மூன்று மாதங்களை விட்டு இலேசில் நகரவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

ஹிட்லர் படையோடு வந்து பதவியைப் பறிக்கவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 33.1 சதவீத வாக்குகளே கிடைத்தன. அதே ஆண்டு யூலையில் பெற்றதைவிட அது குறைவு. இருந்தும், அவரை முன்னே நிறுத்திப் பின்னிருந்து தாங்களே ஆளலாம் என்று கணக்குப் போட்ட பாப்பன் முதலிய பழைமைவாதிகளின் பேச்சைக் கேட்டு, 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹின்டன்பேர்க் அவரை அரசாங்கத் தலைவரான சான்சலராக நியமித்தார்.

பெப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், ஒன்றுகூடும் உரிமை எல்லாம் ஓர் ஆணையால் இடைநிறுத்தப்பட்டன; அந்த ஆணை நாசி ஆட்சி முடியும்வரை விலக்கப்படவேயில்லை. இலங்கையில் 1979-இல் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு, 1982-இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன ஊரிலிருந்து வந்த எனக்கு, இதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 23 அன்று க்ரோல் ஒபேரா மண்டபத்தில் கூடிய நாடாளுமன்றம், தன் சட்டமியற்றும் அதிகாரத்தை நான்கு ஆண்டுகளுக்கு அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருக்க, சீருடையணிந்த நாசிப் படையினர் மண்டபத்துக்குள்ளேயே நிற்க, சமூக ஜனநாயகக் கட்சியின் ஒட்டோ வெல்ஸ் எழுந்து, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். அவருடைய கட்சியினர் 94 பேர் எதிர்த்தார்கள். 444 பேர் ஆதரித்து வாக்களித்துவிட்டார்கள். அந்த 444 பேரில் கத்தோலிக்க மையக் கட்சியினரும் இருந்தார்கள் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. யூலை 14-க்குள் நாட்டில் ஒரே கட்சிதான் எஞ்சியிருந்தது.

இன்றைய நாடாளுமன்றத்தின் அருகே, நாசிகளால் கொல்லப்பட்ட 96 உறுப்பினர்களுக்காக 96 இரும்புத் தகடுகள் நெருக்கமாக நிறுத்தப்பட்டுள்ளன. குனிந்து பார்த்தால், ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் பெயரும் கட்சியும் இறந்த இடமும் தெரியும். பல தகடுகளில் அந்த இடம் ஒரு வதைமுகாம்.

அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டு என்ற வரியை 1949-இல் அரசியலமைப்பில் எழுதியவர்கள், 1933-க்குப் பின் தம் நாட்டவர் புகலிடம் தேடி அலைந்ததைக் கண்டவர்கள். எண்பதுகளில் வந்த என் சித்தப்பாவுக்குத் தஞ்சம் கிடைத்தது அந்த வரியால்தான். 1993-இல் அதற்குக் கடுமையான நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். எஞ்சியிருப்பதையும் எடுத்துவிட வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு இங்கே ஆதரவு பெருகிவருவதைக் காண்கையில், வாக்குரிமை பெற்ற நம்மவர்கள் தேர்தல் நாளில் வீட்டில் இருந்துவிடக் கூடாது என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.