நான்காம் கட்டம்

சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி நம் வகுப்புக் குழுமத்தில் வந்தபோது, இரவுக் கடமை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பாடசாலை மலர்க் குழுவினர் மூன்று மாதமாகக் கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அன்று காலை வீட்டுக்கு வந்து, படுக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

சேரிடம் அளவையியல், அதாவது தர்க்கம், படித்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மேல்மாடிக் கடைசி அறை, இடைவேளைக்குப் பிந்திய பாடம். இரண்டாம் மணி ஓயும் முன் கதவடியில் நிற்பார். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒருநாள் வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "மழை ஏன் பெய்யுது?"

"பயிர் விளையிறதுக்கு சேர்."

"எழும்பும்."

எழும்பினேன்.

"களத்தில அடிச்சுப் போட்ட தானியம் மழையில நனைஞ்சு அழுகிப் போகுது. அப்ப அதை அழுக வைக்கவும் மழை பெய்யுதோ?"

வகுப்பே சிரித்தது. எனக்கு வாய் எழவில்லை. அவர் என்னை இரும் என்று சொல்லவுமில்லை. மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, பாடம் முடியும்வரை வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். அந்த விளிம்பில் யாரோ காம்பசால் கீறிய ஒரு நட்சத்திரம் இருந்தது. அதன் ஐந்து முனைகளையும் விரலால் தடவித் தடவி அந்த நேரத்தைக் கடத்தினேன். அன்று இரவு நித்திரை வரவில்லை.

மறுநாளும் நேரே என்னிடம்தான் வந்தார். "முன்பல் ஏன் கூர்? கடைவாய்ப்பல் ஏன் தட்டை?" நான் எழும்பி நின்றேனே தவிர வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார். களத்துத் தானியக் கேள்வி அவருடையதல்ல. 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டோட்டில், இயற்கை ஒரு நோக்கத்தோடு இயங்குகிறது என்ற தன் கொள்கைக்கு எதிராகத் தானே எழுப்பிப் பார்த்த கேள்வி. மழை தன்பாட்டில் பெய்வதுபோலப் பல்லும் தன்பாட்டில் முளைத்து, தற்செயலாக நமக்கு உதவுகிறது என்று ஒருவன் சொன்னால் என்ன மறுமொழி? தற்செயல் எப்போதாவதுதான் நேரும். எப்போதும் அல்லது பெரும்பாலும் ஒரே மாதிரி வருவதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அது அரிஸ்டோட்டிலின் மறுமொழி.

"நேற்று நீர் சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஏன் அப்பிடிச் சொன்னனீர் எண்டுதான் கேட்டனான்," என்றார். "இப்ப இரும்."

'ஏன்' என்ற ஒரே சொல்லுக்குள் 'எதனால்', 'எதற்காக' என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று அந்த வாரம்தான் விளங்கியது. பல்லுக்கு எதற்காக என்று கேட்டவர்களுக்கு 1859-இல் டார்வின் எதனால் என்று விடை சொன்னார்: பொருந்திய பல் உடையவை பிழைத்தன, பெருகின, பல்லை யாரும் நோக்கம் வைத்துச் செதுக்கவில்லை. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் இறந்தால், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் கடவுள் சித்தம் என்று ஒதுங்குவது அறியாமையின் புகலிடம் என்ற தத்துவஞானி ஸ்பினோசாவின் வாதத்தையும் சேர் சொல்லித் தந்தார். அவர் நாள் தவறாமல் கும்பிடுகிறவர் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் அந்த வாதத்தை ஒரு சொல்லும் குறைக்காமல், அதன் முழுப் பலத்தோடும் நம் முன் வைத்தார். பக்தியும் நேர்மையும் ஒரே மனிதரிடம் இருப்பதை நான் முதலில் கண்டது அங்கேதான்.

நான் வெளிநாட்டுக்குப் புறப்படுவதற்கு முந்திய கிழமை கரும்பலகையில் ஓர் அட்டவணை கீறினார். இடப்பக்கம் அரிஸ்டோட்டிலின் நான்கு காரணங்கள்: பொருள், வடிவம், செய்தவன், நோக்கம். வலப்பக்கம் சைவ சித்தாந்தத்தின் மூன்று: முதல், துணை, நிமித்தம். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணை, குயவன் நிமித்தம். உலகத்துக்கு மாயை என்ற மூலப்பொருள் முதல், சக்தி துணை, இறைவன் நிமித்தம். "வடிவமும் துணையும் ஒண்டில்லை, வரிசைக்கு வரிசை பொருத்தாதேங்கோ," என்று எச்சரித்தார். வலப்பக்கம் நான்காம் கட்டம் வெறுமையாக இருந்தது.

குறையொன்றும் இல்லாத இறைவனுக்கு உலகைப் படைக்க என்ன தேவை? வேதாந்தி அதை விளையாட்டு என்கிறான். மூச்சு விடுவதுபோல இயல்பாக நடப்பது என்கிறார் சங்கரர். கன்றுக்காகப் பால் அறிவில்லாமலே சுரப்பதுபோல, ஆன்மாவுக்காகப் பிரகிருதி என்ற மூல இயற்கை இயங்குகிறது என்கிறது சாங்கியத் தத்துவம். பால் தானாகச் சுரக்கவில்லை, பசுவுக்குக் கன்றின்மேல் உள்ள அன்பு சுரக்க வைக்கிறது என்று சங்கரர் மறுத்தார். இதைச் சொல்லும்போது சேரின் குரல் கொஞ்சம் இளகியது. நம் வகுப்பின் கெட்டிக்காரன் எழும்பி, உயிர்கள் மலம் என்ற கட்டு நீங்கி வீடடையவே, அதாவது முத்தி பெறவே, படைப்பு என்று சித்தாந்த விடையைப் பிழையில்லாமல் சொன்னான்.

"சரி. உலகம் உமக்காக எண்டு வைப்பம். நீர் எதுக்காக?"

வீடடைவது உயிருக்குக் கிடைக்கும் பயன். அந்த உயிரே எதற்கு என்பதுதான் அவர் கேட்டது. தண்ணீர் அள்ளுவது பானையின் நோக்கமா, அள்ளுகிறவனின் நோக்கமா என்றும் கேட்டார். மணி அடித்தது. அட்டவணையை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நாளைக்கு எழுதுவம்," என்று போனார்.

மறுநாள் நான் கடவுச்சீட்டு அலுவலாகப் போய்விட்டேன். அதன்பின் அந்த அறையில் நான் இருக்கவில்லை. விடைபெறப் போனபோது மாடிப்படியில் நின்று, "எதனால போறீர் எண்டு எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார். மற்றக் கேள்வியை அவர் கேட்கவில்லை. போய்க் கடிதம் போடுகிறேன் சேர் என்றேன். அவர் இரண்டு கடிதம் போட்டார். சொல்லும்படியாக ஏதாவது ஆகட்டும், பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன். இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, மறுமொழி போகாமலே.

இங்கே நான் வேலை செய்வது புற்றுநோய் விடுதியில். "எனக்கு ஏன்?" என்று கேட்காத நோயாளி அருமை. மருத்துவர் கலங்களைப் பற்றி, மரபணுவைப் பற்றிப் பொறுமையாக விளக்குவார். அவர் போனதும் நோயாளி என் முகத்தைப் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். அவர் கேட்டது எதற்காக; கிடைத்தது எதனால். சிலர் இறைவன் சோதிக்கிறான் என்பார்கள், சிலர் வினை என்பார்கள், சிலர் ஒன்றுமே இல்லை என்று சுவரைப் பார்ப்பார்கள். நான் எந்த விடையையும் திணித்ததில்லை. அம்பு தைத்தவன் எய்தவனின் ஊரும் குலமும் தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்துப்போவான் என்ற புத்தரின் கதையையும் சேர்தான் சொன்னவர். அந்தக் கதை என் கைக்கு வேலை கொடுத்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, அவர்கள் கேட்டு முடியும்வரை பக்கத்தில் நிற்பேன். நிற்கக் கற்றது அந்த வாங்கடியில்தான்.

என் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன். அட்டவணை உள்ள பக்கத்தில் மை மங்கிவிட்டது, கோடுகள் தெரிகின்றன. சேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். மறுநாள் அந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருப்பார், அல்லது ஏன் எழுதவில்லை என்று சொல்லியிருப்பார். அன்று வகுப்பில் இருந்தவர்களே, உங்களில் யாரிடமாவது அந்தக் கொப்பி இருந்தால் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் குழுமத்தில் போடுங்கள். இரவுக் கடமை என்றாலும் பார்ப்பேன்.