அளவு வளையம்

இன்று காலை கடல் நன்றாக வற்றியிருந்தது. ஒரு சிறுமி சேற்றிலிருந்து எடுத்த மட்டிச் சிப்பியை, எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா என்று அளவு வளையத்தில் வைத்துப் பார்த்தாள். நழுவி மறுபக்கம் விழுந்துவிட்டது.

சின்னது. எடுக்கக் கூடாது.

முகம் வாடினாலும், எடுத்த இடத்திலேயே புதைத்துக் குழியையும் மூடினாள். அதுதான் முக்கியம். தோண்டிப்போட்ட மண்மேட்டுக்கு அடியில் சிக்கும் குஞ்சு மட்டிகள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பெரியவர்களே பலர் குழியை அப்படியே விட்டுப் போகிறார்கள்.

பெருமழைக்குப் பிறகு படுகையில் மட்டி எடுக்கத் தடை போட்டால் கோபப்படுகிறோம். மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. மழைநீர் அடித்துவரும் கழிவோடு வரும் கிருமியும் அதன் உடம்பில் சேரும். அது வெளியேற நாளாகும். அதுவரை பொறுக்கலாமே.

அவள் மூடிய இடத்தில் ஐந்து விரல் தடமும் தெரிந்தது. அப்புறம் தண்ணீர் ஏறி வந்தது.